வாடகைக் கூடாரத்தோடு ஹோட்டன் சமவெளி: மழைக்கு நாலு புள்ளி, குளிருக்கு ஒன்று

கொழும்பில் கூடாரம் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இப்போது கொஞ்சம் கூடிவிட்டன. நாங்கள் எடுத்தது இரண்டு பேருக்கான முழுச் சாமான்: ஒரு கூடாரம், இரண்டு ஸ்லீப்பிங் பேக், கீழே விரிக்க இரண்டு பாய், தறப்பாள், சின்ன காஸ் அடுப்பு, ஒரு விளக்கு. ஒரு இரவுக்கு 3,500 ரூபா, முற்பணம் வேறாக. கடையின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. இதே மாதிரிச் சாமானைத்தான் பல இடங்களில் கொடுக்கிறார்கள், ஆகவே சாமானைப் பற்றிச் சொன்னால் போதும்.

போன ஐப்பசியில் போயா விடுமுறையோடு சேர்ந்து வந்த வார இறுதியில் நானும் கணவரும் இதைக் காரில் போட்டுக்கொண்டு ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குப் போனோம். ஐப்பசியில் யாராவது அங்கே கூடாரம் அடிப்பார்களா என்று மாமி கேட்டார். வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் உள்ள அத்தனை பேரும் கேட்டார்கள். எல்லோரும் மழையைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். மழை வந்தது, நன்றாகவே வந்தது, ஆனால் மழையால் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. தரையிலிருந்து ஏறிய குளிர்தான் ஆளை எழுப்பி உட்கார வைத்தது. இந்தச் சாமானைக் கட்டியவர் மழையை நன்றாக யோசித்திருக்கிறார், குளிரை யோசிக்கவே இல்லை.

முதலில் கூடாரம். புறக்கோட்டையில் எங்களுக்குத் துணிக்கடை, அப்பா காலத்துக் கடை. எந்தத் துணி கைக்கு வந்தாலும் நான் முதலில் பார்ப்பது தையலைத்தான். கவுண்டரிலேயே கூடாரத்தை விரிக்கச் சொன்னேன். கடைப் பையன் “அக்கா, வாட்டர்புரூஃப்தான், பயப்படாதீங்க” என்றான். துணி வாட்டர்புரூஃப்பாக இருக்கும், தம்பி, ஊசி குத்திய ஓட்டை எப்படி வாட்டர்புரூஃப் ஆகும் என்று கேட்டேன். மழைக்கூடாரத்தில் ஒவ்வொரு தையலுக்கும் உட்பக்கம் ஒரு நாடா ஒட்டியிருக்க வேண்டும். விரல் நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தால் அது இன்னும் பிடித்திருக்கிறதா, உரியத் தொடங்கிவிட்டதா என்று தெரிந்துவிடும். இதில் நன்றாகப் பிடித்திருந்தது.

அடுத்தது உட்பூச்சு. மேல்விரிப்புத் துணியின் உட்பக்கம் பொலியூரித்தேன் பூச்சு இருக்கும், மழையைத் தடுப்பது அதுதான். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அந்தப் பூச்சு மெல்ல மெல்லச் சிதைந்து, முதலில் பிசுபிசுக்கும், பிறகு ஆறிய பாலின் ஆடை மாதிரி உரிந்து வரும். புளித்த வாடையும் அடிக்கும். கொழும்புக் காற்றின் ஈரத்தில் இது சீக்கிரமே நடக்கும். அதனால் வாடகைக் கூடாரம் எடுக்கிறவர்கள் கூச்சப்படாமல் மூக்கை உள்ளே விட்டு மணந்து பாருங்கள். பையன் என்னை ஒரு மாதிரித்தான் பார்த்தான். பார்க்கட்டும்.

லேபிளில் மேல்விரிப்புக்கு 2,000 மில்லிமீற்றர், தரைக்கு 3,000 என்று போட்டிருந்தது. அந்தத் துணியின்மேல் அத்தனை உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் கசியாது என்று அர்த்தம். தரைக்கு ஏன் கூடுதலாக வேண்டும் என்றால், மேலே விழுவது மழைத்துளி மட்டும்தான், தரையிலோ நாம் முழங்காலை ஊன்றி நிற்கிறோம், ஈர நிலத்தை அழுத்துகிறோம். துணி பொலியெஸ்டர். நைலோனை விட இதுதான் எனக்குப் பிடிக்கும். நைலோன் நனைந்தால் தொய்யும், நடுராத்திரியில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். பொலியெஸ்டர் அவ்வளவு தொய்யாது. துணி விடயத்தில் கடைக்கு முழுப் புள்ளி.

சரி, பயணம். அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா வழியாக ஏ7 வீதியில் நுவரெலியா. அங்கிருந்து அம்பேவெல, பட்டிப்பொல. கொழும்பிலிருந்து விடியுமுன் புறப்பட்டால்தான் சரி, ஏனென்றால் ஐப்பசி மழைக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. காலையில் வானம் வெளித்திருக்கும், மதியத்துக்குப் பிறகு இடியோடு கொட்டும். புறப்படுவதற்கு முதல் நாள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் போங்கள். நுவரெலியா மாவட்டத்துக்கு எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், முற்பணம் போனால் போகட்டும். எங்களுக்கு அன்று எச்சரிக்கை எதுவும் இருக்கவில்லை. கித்துல்கலைக்கு மேலே மூடுபனிதான், அதற்கு மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு இவர் பஸ்களுக்குப் பின்னால் பொறுமையாக வந்தார். தலவாக்கலைக்கு முன்னால் டெவன், சென். கிளேயர் இரண்டு நீர்வீழ்ச்சிகளும் வீதியிலிருந்தே தெரிகின்றன. மழைக்காலத்தில் இரண்டும் பெருகி நிற்கும், அதை மட்டும் வெயில்காலத்தில் போகிறவர்கள் பார்க்க மாட்டார்கள்.

பூங்கா வாசலில்தான் சாமானின் முதல் குறை வெளியே வந்தது. ஹோட்டன் சமவெளிக்குள் பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். பையைத் திறந்து பார்க்கிறார்கள், பிஸ்கட் உறையைக் கழற்றித் தாளில் சுற்றச் சொல்கிறார்கள், தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்து எடுக்கிறார்கள். நல்ல விடயம், நான் குறை சொல்லவில்லை. அங்கே மரைகள் மனிதர் பக்கத்தில் வந்து நிற்கும் அளவுக்குப் பழகிவிட்டன, எறிகிற உறையைத் தின்றுவிடும். ஆனால் எங்கள் கடை கொடுத்த ஒவ்வொரு பொருளும் பொலித்தீனில்தான் இருந்தது. கூடாரம் ஒன்றில், ஸ்லீப்பிங் பேக் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றில், பாய் இன்னொன்றில். எல்லாவற்றையும் வாசலில் உருவிப் போட்டுவிட்டு, ஸ்லீப்பிங் பேக்குகளை வெறும் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றோம். ஹோட்டன் சமவெளிக்கு என்று சொல்லித்தான் வாடகைக்கு எடுத்தோம். கடையில் யாருக்காவது இது தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு ரெக்சின் பை தைக்க எவ்வளவு செலவாகும் என்று என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நல்லகாலம், நான் உடுப்புகளுக்குப் பூச்சுத் துணியில் தைத்த பைகள் கொண்டுபோயிருந்தேன். அவற்றிலிருந்து உடுப்புகளை எடுத்துக் காரில் வைத்துவிட்டு ஸ்லீப்பிங் பேக்குகளை உள்ளே திணித்தோம்.

முகாம் இடத்தை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிந்துதான் போக வேண்டும். தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில். நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க இது கடற்கரை இல்லை. 1969இல் சரணாலயமாகி, 1988இல் தேசிய பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த இடம். 3,160 ஹெக்டேயர். இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலை கிரிகல்பொத்தையும் மூன்றாவது தொட்டுபொல கந்தையும் இதற்குள்தான் இருக்கின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றும் இந்தப் பக்கத்தில்தான் நீர் எடுக்கின்றன. கொழும்பில் நாங்கள் குடிக்கும் நீரில் பெரும் பங்கு களனியிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிப்பது. எங்கள் கூடாரத்தில் விழுந்து வழிந்த மழையில் கொஞ்சம் எங்களுக்கு முன்னமே கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

மதியத்துக்கு முன்னால் கூடாரம் அடித்துவிட்டோம். கம்பிகள் ஃபைபர்கிளாஸ், இரண்டையும் குறுக்காக மாட்டினால் முடிந்தது. இடம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த, மஞ்சள் பூப் பூக்கும் யூலெக்ஸ் என்ற முட்செடி இப்போது சமவெளியில் பரவியிருக்கிறது. பார்க்க வடிவுதான், அதன் முள் கூடாரத் தரையைக் குத்திவிடும். தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு விரியுங்கள்.

தறப்பாளைப் பற்றிக் கடையில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவர்கள் கொடுத்தது கூடாரத்தின் அடியைவிடப் பெரியது. அப்படியே கூடாரத்துக்குக் கீழே விரித்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தில் மழை விழுந்து, நேராகக் கூடாரத்துக்கும் தறப்பாளுக்கும் இடையே ஓடி வந்து குளமாகும். நான் நாலு பக்கமும் உள்ளே மடித்துவிட்டேன். பக்கத்தில் கூடாரம் அடித்திருந்த மாணவர்களுக்கும் சொன்னேன், அவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். இரவில் அவர்களுடைய டோர்ச் வெளிச்சம் அங்குமிங்கும் ஓடியது.

முளைகள் மோசம். மெல்லிய கம்பியை வளைத்த முளைகள். சமவெளி மண் கறுத்து, மெதுமெதுவென்று, நீர் ஊறிக் கிடக்கும் மண். மழை ஒரு மணித்தியாலம் பெய்ததும் கயிறு இழுக்க இழுக்க முளை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. இவர் ஒவ்வொரு கயிற்றுக்கும் இரண்டு முளையாக எதிரெதிர்ச் சாய்வில் குத்தினார், அப்புறம் நின்றது. கொஞ்சம் அகலமான, பட்டையான முளை கொடுத்தால் இந்த வேலையே இல்லை.

மழை பிற்பகல் தொடங்கி இருட்டிய பிறகும் பெய்தது. மேல்விரிப்பில் அடித்த சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. உள்ளே ஒரு துளி இல்லை. கட்டைச்சம்பலும் பாணும் சாப்பிட்டுவிட்டு, கைவிளக்கைத் தொங்கவிட்டு, காட்ஸ் விளையாடினோம். பிள்ளைகள் இல்லாமல், கடைக்கணக்கு இல்லாமல், தொலைபேசியைத் தூக்கிப் பையில் போட்டுவிட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்த நேரம் அது. இவர் கள்ள ஆட்டம் ஆடுவார் என்பது கலியாணத்துக்கு முந்தியே தெரிந்த விடயம், அன்றும் ஆடினார்.

நடுராத்திரியில் “எழும்பும், ஒழுகுது” என்று எழுப்பினார். முகத்தில் ஒரு துளி விழுந்ததாம். விளக்கைப் போட்டு மேலே தடவினேன். தையல் எல்லாம் காய்ந்து கிடந்தது, தையலே இல்லாத நடுத்துணியில்தான் ஈரம். ஒழுகினால் முதலில் தையலில் ஒழுக வேண்டும், நடுத்துணி மட்டும் நனைந்திருந்தால் அது மழை இல்லை, எங்கள் இருவரின் மூச்சு. குளிர்ந்த மேல்விரிப்பில் பட்டு நீராகித் திரும்பிச் சொட்டுகிறது. மழை என்று இவர் காற்றுத் துவாரத்தை இழுத்து மூடியிருந்தார். அதைத் திறந்துவிட்டதும் குறைந்தது. கூடாரம் ஒழுகுகிறது என்று கடைகளுக்கு வரும் முறைப்பாடுகளில் எத்தனை இந்த மாதிரியோ!

இனி குளிர். கொழும்பில் ஐப்பசி இரவு 25 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். ஆயிரம் மீற்றர் ஏற ஏற ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. சமவெளி 2,100 மீற்றருக்கு மேலே. ஆக 11, 12 பாகைக்கு ஆயத்தமாக வேண்டும், அதிகாலையில் அதற்கும் கீழே. தை, மாசியில் புல்லில் உறைபனியே படியும்.

கடைப் பையன் ஸ்லீப்பிங் பேக்கைக் காட்டி “பூச்சியம் டிகிரி வரைக்கும் தாங்கும்” என்றான். லேபிளில் பூச்சியம் இருந்தது உண்மை. ஆனால் அங்கே மூன்று எண்கள் இருந்தன: 15, 10, 0. இந்த மூன்றுக்கும் சர்வதேசத் தர முறை இருக்கிறது, ஐஎஸ்ஓ 23537. முதல் எண், ஒரு பெண் சுகமாக உறங்கக்கூடிய குளிர். இரண்டாவது, ஒரு ஆண் சுருண்டு படுத்துச் சமாளித்துக்கொள்ளும் எல்லை. கடைசி எண் உறங்குவதற்கே இல்லை. குளிரில் உயிர் போகாமல் ஆறு மணித்தியாலம் தாக்குப் பிடிப்பதற்கான எண். பையன் வாசித்துக் காட்டியது அந்தக் கடைசி எண்ணை. அதாவது, அந்தப் பை எனக்கு 15 பாகைப் பை. கண்டிப்பாக இரண்டு சுவெட்டர் வேண்டும் என்று லேபிளைப் பார்த்ததும் முடிவு செய்து எடுத்துப் போனேன், அது மேற்பக்கத்துக்குப் போதுமாகவும் இருந்தது.

“உமக்கு மட்டும் ஏன் இப்படிக் குளிருது?” என்று கேட்டார் இவர்.

“உங்கட எண் பத்து, என்ட எண் பதினஞ்சு” என்றேன். அந்த நேரத்தில் அவருக்கு விளங்கவில்லை.

ஆனால் உண்மையான குற்றவாளி பை இல்லை, பாய். கடை கொடுத்தது ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய மெல்லிய பாய். ஸ்லீப்பிங் பேக் சூடாக வைத்திருப்பது உள்ளே உள்ள பஞ்சில் அடைபட்ட காற்றால்தான். நாம் படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கி, காற்று வெளியேறி, வெறும் துணியாகிவிடும். அதன் பிறகு முதுகுக்கும் ஈர மண்ணுக்கும் நடுவில் உள்ள ஒரே தடுப்பு பாய்தான். வெள்ளித்தாள் சூட்டைத் திருப்பி அனுப்பும் என்பார்கள். திருப்பி அனுப்ப நடுவில் இடைவெளி வேண்டும். முதுகை ஒட்டிக் கிடக்கும் தாளால் ஒன்றும் நடக்காது. குளிர் இடுப்பில் ஏறி, தோளுக்கு வந்து, பல்லைக் கிட்ட வைத்தது. மேலே எத்தனை போர்த்தாலும் பலனில்லை. கடைசியில் கார்க் கதவைத் திறந்து, சீற்றில் விரித்திருந்த தடித்த விரிப்பையும் அங்கே வைத்திருந்த மீதி உடுப்புகளையும் கொண்டுவந்து கீழே பரப்பினோம். பத்து நிமிடத்தில் வித்தியாசம் தெரிந்தது. கல்பிட்டிக் கடற்கரை மணலுக்கு அந்தப் பாய் போதும். மலைக்குக் கொடுக்கக்கூடாது.

காருக்குப் போய்த் திரும்பும்போது டோர்ச் வெளிச்சத்தில் ஒரு பெரிய ஆண் மரை எங்கள் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றது. அசையவில்லை. சாப்பாடு எதையும் வெளியே வைக்க வேண்டாம் என்று அதிகாரிகள் சொன்னதன் அர்த்தம் அப்போது விளங்கியது.

அடுப்பு காலையில் சண்டித்தனம் செய்தது. நீளமான பியூட்டேன் ரின் போடும் அடுப்பு. பியூட்டேன் ஏறக்குறைய பூச்சியம் பாகையில்தான் கொதித்து வாயுவாகும், அதற்குக் கொஞ்சம் மேலே உள்ள குளிரில் அழுத்தம் குறைந்து சுடர் சோம்பிப் போகும். ரின்னைக் கொஞ்ச நேரம் சுவெட்டருக்குள் கட்டிப்பிடித்து வைத்திருந்தால் சரியாகும். மழை என்று அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். தீப்பிடிப்பது ஒரு புறம், காபன் மொனொக்சைட் மணமே இல்லாமல் ஆளை முடித்துவிடும். நாங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பிளேன்டீ போட்டோம். புரொப்பேன் கலந்த ரின் கொடுத்தால் மலைக்கு நல்லது, அதற்குக் கூடக் காசு கேட்டாலும் கொடுக்கலாம்.

விடிந்ததும் ஒன்பது கிலோமீற்றர்ச் சுற்றுப் பாதையில் நடந்தோம். முகாமில் தங்குகிறவர்களுக்கு இதுதான் பெரிய இலாபம். நுவரெலியாவிலிருந்து வருகிறவர்கள் வாசலில் வரிசையில் நிற்கும்போதே நாம் உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்விடலாம். ஒன்பது மணிக்குப் பிறகு கீழிருந்து முகில் ஏறிப் பள்ளத்தை மூடிவிடும், அதன் பிறகு போகிறவர்கள் வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பார்கள். எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் படிகள் மழையில் வழுக்கும், நல்ல அடி உள்ள சப்பாத்துப் போடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கதை. கூடாரம் ஈரமாக இருந்தால் 500 ரூபா உலர்த்தும் கட்டணம் என்று பற்றுச்சீட்டின் பின்னால் எழுதியிருந்தது. கேட்டார்கள், கொடுத்தேன். ஆனால் உண்மையிலேயே உலர்த்துகிறீர்களா என்று கேட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். கூரை போட்ட முற்றத்தில் கயிறு கட்டி, வேறு இரண்டு கூடாரங்கள் விரித்துத் தொங்கின. எங்களுடையதையும் என் கண்ணுக்கு முன்னாலேயே விரித்தார்கள். இதனால்தான் அந்தப் பூச்சு இன்னும் உரியாமல் இருக்கிறது. முற்பணத்தில் வளைந்த முளைகளுக்குக் காசு பிடித்தார்கள். அந்த முளை வளையாமல் வந்திருந்தால்தான் அதிசயம் என்று சொன்னேன், முதலாளி பாதியைத் திருப்பித் தந்தார். பாயைப் பற்றியும், லேபிளின் மூன்று எண்களைப் பற்றியும் சொன்னேன். பையன் ஒரு ஸ்லீப்பிங் பேக்கை எடுத்து லேபிளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த தடவையும் கூடாரத்தை அங்கேதான் எடுப்பேன், தனியாக, 1,500 ரூபாவுக்கு. பாய் மட்டும் சொந்தமாக வாங்கிவிட்டோம், விரல் தடிப்புக்கு ரப்பர் நுரைப் பாய், ஆளுக்கு ஒன்று. வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் வார நாளில் மாலை ஐந்து மணிக்கு முன் போங்கள். சனிக்கிழமை போனால் நல்ல கூடாரங்கள் எல்லாம் போயிருக்கும், விரித்துப் பார்க்கவும் நேரம் தரமாட்டார்கள்.